சல்லடை மாமா தோற்கடித்த தேர்தல்

எதிர்க்கட்சியின் உதவி ஏறக்குறைய இல்லாமலே, தன்னந்தனியாக நின்று, தம் சொந்தக் கட்சியை ஒரு தேர்தலில் தோற்கடிக்கும் வல்லமை படைத்த மனிதர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தெருக்காரர். ‘ஏறக்குறைய’ என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. எதிர்க்கட்சி அவருக்கு இரண்டு தீவட்டிகளும் நாள்தோறும் சில இளநீரும் கொடுத்து உதவியது. அந்தக் கதையை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

தாய் தந்தையர் அவருக்கு இட்ட பெயர் தபால்காரருக்கும் மறந்து போயிருந்தது. ‘சல்லடை, உறையூர்’ என்று எழுதினால் போதும், கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். மாவு சலிப்பவர்கள் கப்பியை ஒதுக்கிவிட்டு மாவை வைத்துக்கொள்வார்கள். எங்கள் சல்லடை மாமாவோ, ஒருமுறை சலித்ததை இன்னும் நுண்ணிய சல்லடையில் மறுமுறை சலிப்பார்; பிறகு அதைவிட நுண்ணியதைத் தேடுவார். கடைசியில் மாவும் கப்பியோடு சேர்ந்து வெளியே போய்விடும். அவர் சலித்தது மனிதர்களை.

முதலில் அவர் தம்மைத்தாமே சலித்துக்கொண்டார் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரயில் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர், சீமை நிப்பால் இனி ஓரெழுத்தும் எழுதுவதில்லை என்று ஒருநாள் தீர்மானித்தார். ஆகவே வேலையை விடுவதென்றும் தீர்மானித்தார். நாணல் குச்சியைச் சீவி, தாமே காய்ச்சிய கடுக்காய் மையில் தோய்த்து ராஜினாமாக் கடிதம் எழுதினார். மை ஊறிப் படர்ந்து கடிதம் முழுவதும் மேகம் கவிந்தாற்போல் ஆயிற்று. துரைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இத்தனை கைநடுக்கத்தோடு எழுதியவர் கொடிய நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று இரங்கி, லீவு அளித்துவிட்டார். மாமா அதே மையில் மறுபடியும் எழுதினார். லீவு நீட்டிக்கப்பட்டது. முடிவில் நேரிலேயே போய்ச் சொல்லி விலகினார்.

“அங்கேயும் இங்கிலீஷ்லே பேச மாட்டேன்னு நின்னான். இவன் தமிழ்லே ராஜினாமா பண்ண, பியூன் துரைக்கு எடுத்துச் சொல்லியிருக்கான்” என்பார் என் அப்பா.

அப்பாவும் மாமாவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அப்பா ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டர். எங்கள் தெருவுக்கு ஒரு முனை மேட்டில் இருந்தது. மறுமுனை உய்யக்கொண்டான் வாய்க்காலில் இறங்கியது. மேட்டுமுனையில் ஓட்டு வீடுகளும் கிணறுகளும். பள்ளமுனையில் சுருட்டுச் சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள்; அவர்களுக்குக் குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் வாய்க்கால்தான். ஆண்டுதோறும் அங்கே வாந்திபேதி வரும். அப்பா மிக்ஸ்சர் கலந்துகொண்டு ஓடுவார். சிலர் பிழைப்பார்கள், சிலர் பிழைக்க மாட்டார்கள்.

“நான் கலக்கிற மிக்ஸ்சரைவிட ஒரு முனிசிபல் குழாய் நல்ல மருந்து” என்று அப்பா அடிக்கடி சொல்வார். முப்பதுகளின் நடுவில் வந்த நகரசபைத் தேர்தலில் எங்கள் வார்டுக்கு அவர் நின்றதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. பள்ளமுனைக்கு ஒரு தண்ணீர்க்குழாய் வேண்டும், அவ்வளவுதான்.

அவரை நிற்கச் சொன்னவர் சல்லடை மாமா. அவருக்காகச் சங்கம் அமைத்தவரும் சல்லடை மாமா. தொடக்கத்தில் அந்தச் சங்கத்தில் மேட்டுமுனையும் பள்ளமுனையும் சேர்ந்தே இருந்தன: வாத்தியார்கள், சுருட்டு முதலாளிகள், சுருட்டுச் சுற்றுபவர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள். தோற்பதற்கு வழியே இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த வழியை மாமா கண்டுபிடித்தார்.

முதல் கூட்டத்தில் சங்கத்தின் சுவர்க்கடிகாரம் சீமைச் சரக்கு என்று வெளியேற்றப்பட்டது. அன்று முதல் எந்தக் கூட்டமும் குறித்த நேரத்தில் தொடங்கவில்லை. தொடங்கிய எந்தக் கூட்டமும் முடியவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் குடைகள் வெளியேற்றப்பட்டன. அன்று ஐப்பசி அடைமழை. குடைகளோடு அவற்றின் சொந்தக்காரர்களும் வெளியேறினார்கள். மூன்றாவது கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரின் அருகில் போய் அமர்ந்து, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே மாமா கேட்டார்:

“ஐயா, இந்தப் பல்லு எங்கே செஞ்சதுங்க?”

வாத்தியார் பல்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பதில் சொன்னார். அது வசையா, வாழ்த்தா என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

சுருட்டு முதலாளி ராவுத்தர் பொறுமைசாலி. புகையிலை நம் மண்ணில் விளைந்தது. ஆகையால் அவருக்கு ஆபத்தில்லை என்று அப்பா எண்ணியிருந்தார். மாமா சுருட்டை விட்டுவிட்டுச் சுருட்டுப் பெட்டியைப் பிடித்தார். அதன் மேல் ஒரு துரைசாணியின் படம் ஒட்டியிருந்தது.

“அந்தம்மா படத்தைப் பார்த்துத்தானுங்க மலாயாவுல வாங்குறாங்க. கிழிச்சுட்டா என் முகத்தையா ஒட்டுறது? அதைப் பார்த்தா இருக்கிற கிராக்கியும் ஓடிப்போயிடுங்களே!” என்றார் ராவுத்தர்.

“தேசமா, துரைசாணியா? இப்பவே சொல்லிடுங்க!”

“எனக்கு ரெண்டு பேர்கிட்டேயும் சண்டையில்லைங்க” என்று சொல்லி ராவுத்தர் செருப்பை மாட்டிக்கொண்டார். அவரோடு எல்லாச் சுருட்டு முதலாளிகளும் எழுந்துவிட்டார்கள்.

அன்று அப்பா மாமாவிடம் கெஞ்சினார். “ஏன்யா, ஒவ்வொருத்தரா இப்படி அனுப்பினா யாருய்யா ஓட்டுப் போடுவாங்க?”

“ஒருத்தர் போனா, கட்சியிலே ஓர் அழுக்குக் குறைஞ்சுதுன்னு வச்சுக்கோ.”

“ஓர் ஓட்டும் குறையுதே, அதை எதிலே வச்சுக்கிறது?”

மாமா அப்பாவைப் பார்த்த பார்வையில், வேட்பாளரையும் சலித்தால் என்ன என்ற யோசனை ஒரு கணம் வந்து போயிற்று என்று அம்மா பின்னாளில் சொன்னாள்.

இத்தனைக்கும் மாமாவை விட்டு அசையாமல் நின்றவர்கள் பள்ளமுனைக்காரர்கள். அவர்களிடம் சலித்து எறிய எதுவும் இல்லை: குடையில்லை, கடிகாரமில்லை, பல் போனால் போனதுதான். அவர்களுக்கெல்லாம் முன்னணியில் நின்றவள் மைமூன் பீ. கணவனை இழந்தவள், வாசலில் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றிக்கொண்டே தெருவில் போகிற எவரையும் ஒரு வார்த்தையில் நிறுத்திவிடுவாள். சொந்தமாக ஓர் ஓலைவீடு இருந்ததால் அதற்கு வீட்டுவரி கட்டினாள். வரி கட்டியதால் அவளுக்கு ஓட்டும் இருந்தது. மாமாவிடம் அவளுக்குப் பயம் கிடையாது. அன்பு நிறைய இருந்தது.

“என்னண்ணே, இன்னிக்கு யாரைக் கழிச்சீங்க? சீக்கிரம் முடிங்க. கடைசியில நானும் நீங்களும்தான் மிஞ்சுவோம். அப்புறம் நான் உங்களைக் கழிச்சிடுவேன்” என்பாள். மாமா சிரிப்பார். அவரைச் சிரிக்க வைக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

மேட்டுமுனையை இழுத்து நிறுத்த அப்பாவுக்கு இன்னும் ஒரு வழி எஞ்சியிருந்தது. அங்கே ஒரு வரிசை வீடுகள் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவருக்குச் சொந்தம். ஆசாரசீலர், ஆனால் இளகிய மனம் உடையவர். அவர் சொன்னால் அந்த வரிசை முழுவதும் கேட்கும். அப்பா பாலம் கடந்து போய்ப் பார்த்தார். பெரியவர் சொன்னாராம்: “ஜலம் பெருமாள் எல்லாருக்கும் அனுக்ரஹிச்சது ஓய். அதுக்குப் பேதம் பாக்கப்படாது. அடியேன் வந்து சபையிலே நாலு வார்த்தை விண்ணப்பம் பண்றேன்.”

சொன்னபடி வந்தார். பள்ளமுனையில் போட்டிருந்த மேடையில், அவர் வாழ்நாளில் முதல் தடவையாக, எல்லாரோடும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். மேட்டுமுனைக்காரர்கள் தயங்கித் தயங்கிக் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றார்கள். குழாய் எல்லாருக்கும் நல்லது என்று பெரியவர் பேசத் தொடங்கினார். அப்பாவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்திருந்தது.

அப்போது மாமா எழுந்தார். கையில் ஒரு மண்பானை.

“சுவாமி, வாய்ப்பேச்சு யாருக்கு வேணும்? இது மைமூன் பீ வீட்டுத் தண்ணி. தேவரீர் இந்த மேடையிலேயே, இப்பவே, இதைச் சாப்பிட்டுக் காட்டணும். அப்பத்தான் நம்ம கட்சி!”

பெரியவர் பானையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். காது மடல்கள் சிவந்துவிட்டன. “அடியேன் இங்கே வந்ததே எங்க அகத்திலே இன்னும் தெரியாது. ஒரே நாள்லே அத்தனை படியும் ஏறச் சொல்றீரே ஓய்” என்றார், மிக மெல்லிய குரலில். பிறகு சபையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு இறங்கிப்போய் ஜட்கா வண்டியில் ஏறிக்கொண்டார். கூட்டத்தின் ஓரம் காலியாயிற்று.

மைமூன் பீ மேடையருகே வந்தாள். “அண்ணே, அது எம் பானை. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவரு பாவம், குழாய்க்குப் பேச வந்தாரு. அவரைப் புடிச்சு ஏண்ணே பானைக்குள்ள தள்ளினீங்க?”

“நல்லவேளை அவர் குடிக்கலை. அது காய்ச்சாத வாய்க்கால் தண்ணி” என்று முணுமுணுத்தார் அப்பா. கம்பவுண்டருக்கு அந்த நேரத்திலும் அதுதான் கவலை.

அப்பாவை எதிர்த்து நின்றவர் அரிசி மில்காரர். மேட்டுமுனையில் பெரிய வீடு, சர்க்காருக்கு வேண்டியவர். அவர் ஒரு கூட்டமும் போடவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமா தெருமுனைகளில் பேசுவதை வந்து கேட்டார், கேட்டுவிட்டு ஆளனுப்பினார். “ஐயா இருட்டுற நேரத்துல பேசறீங்க, முகம் தெரிய வேணாமுங்களா? மின்சார விளக்கு சீமைச் சரக்கு. அதான் எங்க முதலாளி விளக்கெண்ணெய்த் தீவட்டியா அனுப்பச் சொன்னாருங்க. சோடாப் புட்டியும் தொட மாட்டீங்களாமே, இளநீர் கொண்டாந்திருக்கோம்.”

எதிரிகூடத் தம் கொள்கையை மதிக்கிறான் என்று மாமா நெகிழ்ந்துபோனார். இரண்டு தீவட்டிகளுக்கு நடுவே, தெருத்தெருவாக, சுருட்டு முதலாளிகளைத் துரோகிகள் என்றும் மேட்டுமுனையை அடிமைகள் என்றும், நாளைக்கே எல்லாக் கதவுகளும் இடிபடும் என்றும் முழங்கினார். வாக்காளர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். மில்காரர் அந்தத் தாழ்ப்பாள் ஓசையைத்தான் ஓட்டாக எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கிற்று.

இவையெல்லாம் சேர்ந்தும் அப்பா வென்றிருக்கலாம். பள்ளமுனை மொத்தமாக அவர் பக்கம் இருந்தது. அந்தப் பள்ளமுனைக்குத்தான் மாமா தம் ஆகக் கடுமையான சோதனையை வைத்தார். தண்ணீர் தராத நகரசபைக்கு வரி கட்டக்கூடாது; குழாய் வரும்வரை ஒரு காசும் கிடையாது என்று வாய்க்கால் கரையில் நின்று எல்லாரையும் சத்தியம் செய்யச் சொன்னார்.

அப்பா வாய்க்கால் கரைக்கே ஓடினார். “யோவ், வரி கட்டினவங்களுக்குத்தான்யா ஓட்டு! கட்டலேன்னா பேரை எடுத்துடுவான்!”

“தெருவே கட்டலேன்னா? ஒரு தெருவையே எடுத்துடுவானா? ஊரு சிரிக்காது? நீ மிக்ஸ்சர் கலக்கு. அரசியலை எங்கிட்ட விடு.”

“ஜெயிச்சப்புறம் சண்டை போடலாம்யா. முதல்லே உள்ளே போகணும்.”

“உள்ளே போறதுக்கு அவன்கிட்டே காசு கட்டி அனுமதி வாங்கிட்டு, அப்புறம் அவனோடவே சண்டையா? என்ன மானங்கெட்ட சண்டை அது?”

மாமாவின் வாதத்தில் ஓர் அழகு இருந்தது. பள்ளமுனை இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தது. மைமூன் பீ வரிப்பணத்தை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். அவள் அப்பாவிடம் சொன்னாள்: “நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும் கம்பவுண்டரே. ஆனா எங்க வாசல்ல வந்து உக்காந்து, எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துன மனுசன் இவரு ஒருத்தருதான். இவரு சொல்லி நான் எப்படிங்க கேக்காம இருக்கறது?” முடிச்சு அவிழவில்லை.

தேர்தல் நாளன்று எங்கள் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடி. வேட்பாளருக்கு ஒரு நிறமாகத் தகரப்பெட்டிகள் வைத்திருந்தார்கள்: அப்பாவுக்குப் பச்சை, மில்காரருக்குச் சிவப்பு. காலையிலிருந்து மேட்டுமுனைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல், தலையைக் குனிந்துகொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார்கள். ராவுத்தர் அப்பாவைக் கண்டதும், “மன்னிச்சுக்குங்க கம்பவுண்டர், உங்க மேல ஒண்ணுமில்லைங்க, உங்க சிநேகிதரை நினைச்சாத்தான்…” என்று முடிக்காமல் நடந்தார்.

உச்சிவேளையில் பள்ளமுனை வந்தது. அதைப் போன்றதொரு ஊர்வலத்தை நான் அதற்குப் பின் கண்டதில்லை. ஆண்களும் பெண்களும் வெளுத்த துணி உடுத்தி, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் சல்லடை மாமா, மாப்பிள்ளையைப்போல் மாலையோடு. வரிசையில் முதலாவதாக மைமூன் பீயை நிறுத்தினார். அதிகாரி காகிதங்களைப் புரட்டினார்.

“உங்க பேரு இல்லீங்கம்மா.”

“நல்லாப் பாருங்கய்யா. மைமூன் பீ. போன தடவை இருந்துச்சு.”

“வரி கட்டலை. எடுத்துட்டாங்க.”

“தண்ணி குடுக்கலைன்னுதானுங்க கட்டலை.”

“இருக்கலாம். அதை இந்தப் பெட்டியிலே போட முடியாதும்மா.”

அடுத்தவர் பெயரும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. மாமா முன்னால் வந்து மேசையைத் தட்டினார், சட்டம் பேசினார், என்னைச் சிறையில் போடு என்றார். அதிகாரி நிமிர்ந்து, “உங்களுக்கும் ஓட்டு இல்லீங்க. கொஞ்சம் ஒதுங்கிக்குங்க” என்றார். எங்கள் வார்டிலேயே மிகத் தூய்மையானவர்கள் அனைவரும் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை.

அப்பா தோற்றார். தோற்ற வித்தியாசம் ஒரே மாட்டுவண்டியில் ஏற்றிவிடக்கூடியது. அந்த வேப்பமரத்தடியில் நின்றவர்களுக்கு இரண்டு வண்டிகள் தேவைப்பட்டிருக்கும்.

குழாய் வந்தது. மில்காரரின் வாசலில் வந்தது. மேட்டுமுனையில் ஏற்கெனவே ஐந்து கிணறுகள் இருந்தன.

அந்த ஆண்டு மழைக்குப் பின் வாந்திபேதி வழக்கம்போல் வாய்க்கால் வழியாகவே வந்தது. சீமை மருந்தைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் சல்லடை மாமா, இரு கைகளிலும் மிக்ஸ்சர் புட்டிகளோடு அப்பாவின் பின்னால் வீடுவீடாக ஓடினார். வெந்நீர் காய்ச்சினார். கழிவுகளை அள்ளினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மைமூன் பீ படுத்த அன்று, அவள் தலைமாட்டில் அவர்தான் இருந்தார். அவளுக்குக் கண்கள் உள்ளே போய்விட்டன; குரல் மட்டும் மாறவில்லை என்றார் அப்பா. மாமாவைப் பார்த்து அவள் கேட்டாளாம்: “அண்ணே, இப்ப வரியைக் கட்டிடட்டுமா?”

அது வேடிக்கைப் பேச்சு. அவரைச் சிரிக்க வைக்கவே அவள் சொன்னாள். மறுநாள் பகலில் அவளை எடுத்துக்கொண்டு போனார்கள். மாமா அடக்கஸ்தலம் வரை நடந்து, வாசலுக்கு வெளியே நின்றார்.

அதன்பின் மாமா பேசி நாங்கள் கேட்கவில்லை. பேச்சே நின்றுவிட்டது என்பதல்ல. வேண்டிய சொற்களை மட்டும் பேசினார். வரி கட்டும் நாள் வந்ததும் நகரசபைக் கதவு திறக்குமுன்பே போய் நிற்பார். பிறகு பள்ளமுனையில் ஒவ்வொரு வீடாகப் போய், “வரி கட்டியாச்சுங்களா?” என்று கேட்பார். தெருவில் விடலைகள், “என்னங்க, சர்க்காருக்குக் கப்பம் கட்டியாச்சா?” என்று கேலி செய்வார்கள். “கட்டியாச்சு தம்பி” என்று சொல்லிவிட்டு நடப்பார்.

அடுத்த தேர்தலில் அப்பா மறுபடியும் நின்றார். மாமா ஸ்ரீரங்கத்துக்குப் போனார். பெரியவர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றார். “வாரும் ஓய், உள்ளே வாரும்” என்று பெரியவரே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார் என்று கேள்வி. ராவுத்தர் கடைக்குப் போய், துரைசாணி படம் ஒட்டிய பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஓட்டு மட்டும் கேட்டார். தமிழ் வாத்தியாரைத் தாமே ஜட்காவில் அழைத்துவந்தார். மேடை எதிலும் ஏறவில்லை. அப்பா வென்றார். பள்ளமுனைக்குக் குழாய் வந்தது.

முதல் தண்ணீர் வந்த மாலையில், தெரு முழுவதும் குடத்தோடு கூடியிருந்தது. மாமா எல்லாருக்கும் பின்னால், ஒரு சுவரோரம், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவன் இப்படி அடங்கிப்போய் நிக்கிறதைப் பாக்கிறதுக்கு, இன்னொரு தடவை தோத்தே போயிருக்கலாம்” என்றார் அம்மாவிடம்.

அது நியாயமான பேச்சு அன்று. மைமூன் பீயை அறிந்த எவரும் சொல்லக்கூடாத பேச்சு. எனக்கு அப்போதே அது தெரிந்திருந்தது. ஆயினும், தண்ணீர் நிரம்பி வழிந்த பிறகும் என் குடத்தை எடுக்காமல், மாமா எங்களில் யாரையாவது பார்த்து ஒரு குற்றம் சொல்லிவிட மாட்டாரா என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.